வன்னியில் முதல் ட்ரோன்: ஏத்த முதல் பார்க்க வேண்டியவை

ட்ரோன் பெட்டியைத் திறக்க முதல் ஒரு வரைபடத்தைத் திறவுங்கள். போனில் இருக்கும் கூகுள் வரைபடமே போதும். உங்கள் வீட்டில் ஒரு புள்ளி வையுங்கள். பிறகு வவுனியா ஓடுபாதையைத் தேடிப் பிடியுங்கள், அடுத்து இரணைமடுவை. யாழ்ப்பாணப் பக்கம் கலியாண வீடு, கோயில் திருவிழா என்று படமெடுக்கப் போகிறவர் என்றால் பலாலியையும் சேருங்கள். ஒவ்வொன்றுக்கும் உங்கள் புள்ளிக்கும் இடையில் எத்தனை கிலோமீற்றர் என்று அளந்து எழுதி வையுங்கள். கடையில் விலை விசாரிப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

ஏன் இதை முதல் வேலையாகச் சொல்கிறேன் என்றால், வன்னியில் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். பயணிகள் வரிசையில் நிற்கும் கட்டடம் இல்லாததால் இல்லை என்றே நினைத்துவிடுகிறார்கள். வவுனியாவில் விமானப்படைத் தளத்தின் ஓடுபாதை நகரத்தோடு ஒட்டியே கிடக்கிறது. ஓடுபாதையிலிருந்து ஐந்து கிலோமீற்றரில் ஒரு வட்டம் கீறிப் பாருங்கள், பஸ் நிலையம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடங்கள் என்று நகரத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடும். இரணைமடுக் குளத்துப் பக்கம் போர்க்காலத்தில் புலிகள் அமைத்த ஓடுபாதை இப்போது விமானப்படையின் கையில் இருக்கிறது. குளக்கட்டில் நின்று மாலை வெயிலில் படம் எடுக்கும் ஆசை கிளிநொச்சிப் பிள்ளைகள் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்தது. அந்தக் கட்டில் நிற்கிறபோது ஓர் இராணுவ ஓடுபாதைக்கு எவ்வளவு கிட்ட நிற்கிறோம் என்பது அளந்து பார்த்த பிறகுதான் எனக்கே உறைத்தது. பலாலி 2019 ஒக்ரோபர் 17 இலிருந்து யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம், சென்னையிலிருந்து பயணிகள் விமானம் வந்திறங்கும் இடம்.

விமானம் எவ்வளவு தாழ வரும்

"நான் நூறு மீற்றருக்கு மேல ஏத்த மாட்டன், விமானம் எங்கேயோ மேலதானே போகுது" என்று புதியவர்கள் எல்லாரும் சொல்வார்கள். கணக்கைப் பார்ப்போம். தரையிறங்க வரும் பயணிகள் விமானம் வழமையாக மூன்று பாகைச் சரிவில் இறங்கும். ஓடுபாதையின் விளிம்பைத் தாண்டும்போது ஏறக்குறைய 15 மீற்றர் உயரத்தில் இருக்கும். அந்தச் சரிவை அப்படியே பின்னுக்கு நீட்டினால் ஒரு கிலோமீற்றர் தள்ளி 65 மீற்றர் சொச்சம் வரும், இரண்டு கிலோமீற்றர் தள்ளி 120 மீற்றர். பிரித்தானியா உட்படப் பல நாடுகள் சாதாரண ட்ரோனுக்கு வைத்திருக்கும் உயர எல்லையும் அதே 120 மீற்றர்தான். ஓடுபாதைக்கு நேரே இரண்டு கிலோமீற்றரில் "சட்டப்படி" 120 மீற்றரில் நிற்கும் ட்ரோன் விமானத்தின் மூக்குக்கு நேரே நிற்கிறது.

ஹெலிகொப்ரருக்கு இந்தக் கணக்கே இல்லை. அதற்கு ஓடுபாதை தேவையில்லை, பள்ளிக்கூட மைதானத்திலும் இறங்கும், வயல்வெளிக்கு மேலே பனை உயரத்திலும் போகும். வன்னி வானத்தில் நாங்கள் அதிகம் காண்பதும் அதைத்தான்.

உலகம் முழுக்க விமான நிலையச் சட்டங்கள் இறுகியதற்கு ஒரு காரணம் 2018 டிசம்பரில் லண்டன் கற்விக் விமான நிலையத்தில் நடந்தது. நத்தாருக்கு முந்திய வாரம், ஓடுபாதைக்குக் கிட்ட ட்ரோன் கண்டதாக வந்த தகவல்களால் 19 ஆம் திகதி இரவிலிருந்து 21 ஆம் திகதி வரை ஓடுபாதையை மூடுவதும் திறப்பதுமாக இருந்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் விமானப் பறப்புகளும் 1,40,000 பயணிகளும் பாதிக்கப்பட்டார்கள். அதுவரை பிரித்தானியாவில் விமான நிலைய எல்லையிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள்தான் தடை இருந்தது. 2019 மார்ச்சில் அதை ஐந்து கிலோமீற்றர் அளவுக்கு விரித்தார்கள், ஓடுபாதையின் இரு அந்தத்திலிருந்தும் ஐந்து கிலோமீற்றர் நீளத்துக்கு ஒரு கீற்றையும் சேர்த்து. அந்தக் கீற்று ஏன் என்று மேலே சொன்ன சரிவுக் கணக்கைப் பார்த்தவருக்கு விளங்கும்.

இலங்கையில் நடந்தது வேறு மாதிரி. 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுவது அந்த வாரமே நிறுத்தப்பட்டது. கையில் அனுமதி வைத்திருந்தவர்களும் பெட்டியை மூடிவைக்க வேண்டி வந்தது. எங்கள் நாட்டில் இந்த விடயம் விமானப் போக்குவரத்தோடு மட்டும் நிற்பதில்லை, பாதுகாப்பு அமைச்சும் கூடவே வரும் என்பதை அதிலிருந்து நினைவில் வையுங்கள்.

எடையில் ஏமாறாதீர்கள்

யூரியூப்பில் தமிழில் ட்ரோன் சொல்லித் தருகிறவர்களில் கனபேர் தமிழ்நாட்டுக்காரர்கள், அல்லது கனடா, லண்டனில் இருக்கும் எங்கள் ஆக்கள். அவர்கள் "250 கிராமுக்குக் கீழே வாங்குங்கோ, பதிவு பிரச்சினை இல்லை" என்பார்கள். 250 கிராம் என்பது அவர்களுடைய நாட்டுச் சட்டங்களில் உள்ள கோடு, அங்கேயும் எல்லா நாட்டிலும் அது பதிவிலிருந்து விலக்குத் தருவதில்லை. இந்தியாவின் 2021 ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரை நனோ வகை. டிஜேஐ நிறுவனம் மினி வகை ட்ரோன்களை 249 கிராமில் செய்வதும் அந்தக் கோட்டுக்காகத்தான்.

இலங்கையில் கோடு 200 கிராமில் இருக்கிறது. அதற்கு மேற்பட்ட எதையும் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையில் பதிய வேண்டும். 249 கிராம் மினி இங்கே பதிவுக்கு உட்பட்டது. இந்த 49 கிராம் வித்தியாசத்தில்தான் ஒவ்வொரு வருசமும் புதுப் பெடியள் மாட்டுப்படுகிறார்கள். வெளிநாட்டு மாமா அன்பளிப்பாகத் தந்துவிட்டுப் போனதைப் பதிய வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு வருவதில்லை.

பழகுவதற்கு என்றால் முதலில் சின்னது ஒன்று வாங்குங்கள் என்பேன். ரெலோ (Tello) என்ற ட்ரோன் 80 கிராம், டிஜேஐ நியோ 135 கிராம். காற்றுக்கு நிற்காது, படமும் பெரிய தரம் இல்லை. ஆனால் கைவிரல் பழகும், விழுந்தாலும் மனம் உடையாது. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: பதிவு தேவையில்லாத எடை என்பது ஓடுபாதைப் பக்கம் போகலாம் என்பதல்ல. விமான எஞ்சினுக்குள் போகும் பொருளின் பற்றரி சின்னதென்றாலும் உலோகமும் இலிதியமும்தான். கொடிப்பட்டம்கூட ஓடுபாதைக்குக் கிட்ட ஏத்தக் கூடாது என்றால் மோட்டார் பூட்டியதைப் பற்றிக் கேட்கவே தேவையில்லை.

பதிவு ஒன்று, அனுமதி இன்னொன்று

இரண்டையும் ஒன்றென்று குழப்புகிறவர்கள் அதிகம். பதிவு என்பது உங்கள் ட்ரோனுக்கு இலக்கம் எடுப்பது, மோட்டார் சைக்கிளுக்கு எடுப்பது போல. பறக்கும் அனுமதி என்பது இந்த இடத்தில், இந்த நாட்களில், இந்தத் தேவைக்குப் பறக்கவிடலாம் என்ற ஒப்புதல். பதிவுச் சான்றிதழைக் காட்டி "எனக்கு அனுமதி இருக்கு" என்று காவலரண் ஆமிக்காரரோடு வாதிட்டுப் பயனில்லை.

அதிகாரசபையின் அலுவலகம் கட்டுநாயக்காவில். படிவங்கள் அவர்களுடைய இணையத்தளத்தில் இருக்கும். நண்பர் போன வருசம் நிரப்பிய படிவத்தின் பிரதியை வாங்கி நிரப்பாதீர்கள், அன்றைக்குத் தளத்தில் இருப்பதை எடுங்கள். தேசிய அடையாள அட்டை, கொள்வனவுப் பற்றுச்சீட்டு, ட்ரோனின் தொடர் இலக்கம், அந்த இலக்கம் தெளிவாகத் தெரியும் படம், இவற்றை முதலே ஆயத்தப்படுத்தி வையுங்கள். தொடர் இலக்கம் பல ட்ரோன்களில் பற்றரியைக் கழற்றினால் உள்ளே தெரியும். பற்றரியிலேயே ஒரு இலக்கம் ஒட்டியிருக்கும், அது வேறு. அதை எழுதி அனுப்பித் திரும்பி வந்த விண்ணப்பங்களைக் கண்டிருக்கிறேன்.

ஆகவே பற்றுச்சீட்டு இல்லாமல் கைமாறி வரும் ட்ரோனை வாங்க வேண்டாம். விலை பாதியாக இருக்கும், பதிய முடியாது, பதியாததைப் பறக்கவிடவும் முடியாது.

வெளிநாட்டிலிருந்து திருவிழாவுக்கு வரும் உறவுகளுக்கு இப்போதே சொல்லிவிடுங்கள்: ட்ரோனைப் பையில் போட்டுக்கொண்டு வந்து கட்டுநாயக்காவில் இறங்கிய பிறகு அனுமதி கேட்பதில்லை. விமானம் ஏற முதலே எழுதிக் கேட்க வேண்டும். இல்லாவிட்டால் சுங்கத்தில் தடுத்து வைப்பார்கள், அவர்கள் நிற்கும் மூன்று கிழமை அதற்காக அலைவதிலேயே போய்விடும்.

செயலி பச்சை காட்டினால் போதாது

ட்ரோனோடு வரும் செயலியில் ஒரு வரைபடம் இருக்கும், சிவப்பு வட்டத்துக்குள் போனால் மோட்டாரே ஸ்டார்ட் ஆகாது என்று நம்பியிருந்த காலம் ஒன்று இருந்தது. டிஜேஐ 2025 ஜனவரியில் அமெரிக்காவில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டது. இப்போது எச்சரிக்கை மட்டும் வரும், முடிவு கையில் றிமோட் வைத்திருப்பவருடையது. இங்கே உங்கள் ட்ரோனில் பூட்டு இருக்கிறதோ இல்லையோ, அந்த வரைபடத்தைச் செய்தவர்களுக்கு வன்னியின் ஒவ்வொரு முகாமும் தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியும். முகாம், காவலரண், கடற்படைத் தளம், இவற்றுக்கு மேலே மட்டுமில்லை, கமராவை அந்தப் பக்கம் திருப்புவதும் வேண்டாம். ஏ9 வீதியோரம் ட்ரோனை ஏத்தினால் ஏதோ ஒரு முகாம் படத்துக்குள் விழும். நான் அங்கே ஏத்துவதே இல்லை.

ஊருக்குச் சொல்லுங்கள்

எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லாத படி இது. என் மனதில் முதல் இடம் இதற்குத்தான்.

முதன்முதலில் நான் பறக்கவிட்டது பெரியம்மாவின் வளவில். காலபோக நெல் கதிர் தள்ளியிருந்த நேரம், வளவுக்குப் பின்னால் வயல் பச்சையும் மஞ்சளுமாகக் கிடந்தது. முற்றத்தில் கதவு அளவுக்கு ஒரு படங்கை விரித்து அதன் நடுவில் ட்ரோனை வைத்து ஏத்தினேன். நாற்பது மீற்றர் போயிருக்கும். அந்த உயரத்தில் அதன் சத்தம் மாறும், கிட்ட நிற்கும்போது கேட்கும் இரைச்சல் மெலிந்து ஒரே சீரான "ங்ங்ங்" என்று ஆகும். குசினிக்குள் நின்ற பெரியம்மா அகப்பையோடு வெளியே வந்தா, மேலே பார்க்கவில்லை. பேரப்பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு மதிலோரம் போய்க் குந்திவிட்டா. "வண்டு நிக்குது தம்பி, உள்ள வா" என்று எனக்கும் சொன்னா.

வன்னியில் போர்க்காலத்தில் வாழ்ந்தவர்களுக்கு நான் இதை விளக்கத் தேவையில்லை. வேவு பார்க்கும் ஆளில்லா விமானத்துக்கு ஊர் வைத்த பெயர் வண்டு. வண்டு மேலே சுற்றினால் பின்னால் கிபிர் குண்டுவீச்சு விமானம் வரும், அல்லது ஷெல் வரும். பங்கருக்குப் போக வேண்டிய சத்தம் அது. 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அது விளையாட்டுச் சாமானின் சத்தம். ஒரே முற்றத்தில் இரண்டு பேரும் இருக்கிறார்கள்.

நான் ட்ரோனை இறக்கினேன். இறக்கி, மோட்டார் நின்ற பிறகு, பெரியம்மாவின் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தா. "இதுவா இவ்வளவு சத்தம் போட்டது" என்று கேட்டா. அன்றைக்குப் பிறகு இன்றுவரை ஏத்துவதற்கு முதல் அக்கம்பக்கத்துக்குப் போய்ச் சொல்லாமல் நான் ஏத்தியதில்லை.

எப்படிச் சொல்வது? முதல்நாளே போங்கள். சுற்றியுள்ள வீடுகளுக்கு நீங்களே நடந்து போய், "நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு வயலுக்கு மேல சின்னக் கமரா ஒண்டு ஏத்தப்போறன், இருபது நிமிசம் சத்தம் கேக்கும், பயப்பிடாதேங்கோ" என்று சொல்லுங்கள். வயதானவர்கள், சுகமில்லாதவர்கள் இருக்கும் வீட்டில் ட்ரோனைக் கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். யாராவது வேண்டாம் என்றால் அந்தப் பக்கம் போகாதீர்கள், ஏன் என்று கேட்காதீர்கள். கிராம சேவகருக்கும் கிட்டிய பொலிஸ் நிலையத்துக்கும் அனுமதியின் பிரதி ஒன்றைக் கொடுத்து வைத்தால் யாராவது தொலைபேசி எடுத்து முறையிட்டாலும் அவர்களிடம் பதில் இருக்கும். அடுத்தவர் வளவு, குளிக்கும் கிணறு, இவற்றுக்கு மேலே கமரா போகக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டியதில்லை.

ஏத்தும் நாள்

காலை ஆறரை தொடக்கம் எட்டரை வரைதான் வன்னியில் நல்ல நேரம். வைகாசி பிறந்துவிட்டால் சோழகம் பத்து மணிக்கெல்லாம் எழும்பிவிடும், சின்ன ட்ரோன் அதற்கு எதிரே வீடு திரும்ப முடியாமல் நின்ற இடத்தில் நின்று பற்றரியைக் கரைக்கும். அதனால் போகும்போது காற்றுக்கு எதிரே போங்கள், திரும்பும்போது காற்று தள்ளிக்கொண்டு வரட்டும். மாரியில் வாடை அடிக்கும் நாட்களிலும் இதே முறைதான்.

"வீடு திரும்பும் உயரம்" என்ற அமைப்பைக் கட்டாயம் பாருங்கள். றிமோட்டோடு தொடர்பு அறுந்தால் ட்ரோன் அந்த உயரத்துக்கு ஏறி நேர்கோட்டில் திரும்பி வரும். முற்றிய பனை முப்பது மீற்றர் வரை வளரும். இருபதில் வைத்திருந்தால் நேரே வட்டுக்குள் போய்ச் செருகும். நான் ஐம்பதில் வைப்பேன், அதுவும் என் அனுமதியில் எழுதியிருக்கும் உயர எல்லைக்குள் வருகிறதா என்று பார்த்த பிறகு. ஜிபிஎஸ் செய்மதிகளைப் பிடித்து, புறப்பட்ட இடத்தைப் பதிந்துவிட்டேன் என்று செயலி சொல்லும்வரை தரையிலேயே வைத்திருங்கள். அந்த அரை நிமிடம் பொறுக்காமல் ஏத்திய ட்ரோன்தான் காணாமல் போகிறது.

பற்றரி முப்பது வீதத்துக்கு வந்தால் திருப்புங்கள். வெயிலில் நிறுத்திய மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் பற்றரியை வைக்காதீர்கள், ஊதிப்போகும். ஊதியதை "இன்னும் ஒரு தரம்" என்று பூட்டக் கூடாது.

செம்பருந்து வட்டமிட்டால் கூடு கிட்ட இருக்கக்கூடும். பருந்து மேலேயிருந்துதான் பாயும், ஆகவே பக்கவாட்டில் விலக்கி எடுத்துக்கொண்டு இறக்குங்கள்.

எப்போதும் கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் வையுங்கள். திரையில் தெரிவது பார்வையில்லை. திரையைப் பார்க்க ஒருவர், வானத்தைப் பார்க்க ஒருவர் என்று இரண்டு பேராகப் போவது புதியவர்களுக்கு நல்லது. வானத்தைப் பார்க்கிறவருக்குக் காதுதான் முக்கியம், ஏனென்று கடைசியில் சொல்கிறேன். இரவில் வேண்டாம்.

விழுந்தால்

வேறு ஊர்க்காரர்களுக்கு இது சின்ன விடயம், வன்னியில் உயிர் விடயம். முகமாலை, கிளாலிப் பக்கமும் இன்னும் துப்புரவாகாத மற்ற இடங்களிலும் மண்டை ஓட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகை கண்டால், அதற்கு அப்பால் விழுந்த ட்ரோன் போனதுதான். ஒரு அடி உள்ளே வைத்து எட்டி எடுக்கலாம் என்று தோன்றும், ட்ரோன் பத்து மீற்றரில் மின்னிக்கொண்டும் கிடக்கும். போகாதீர்கள், தம்பி தங்கையை அனுப்பாதீர்கள். செயலியில் கடைசியாகக் காட்டிய இடத்தின் ஆள்கூறுகளைப் படம் பிடித்துக்கொண்டு, அங்கே வேலை செய்யும் மிதிவெடி அகற்றும் குழுவிடம் அல்லது பொலிஸில் சொல்லுங்கள். பலகை இல்லாத பற்றைக் காடென்றாலும் ஊர்க்காரர் ஒருவரைக் கேட்டபிறகே கால் வையுங்கள். யானை நிற்கும் காடென்றால் அதற்கும் சேர்த்து. முகாம் வேலிக்குள் விழுந்தால் வேலியைத் தொடாமல் வாசலுக்குப் போய், பதிவையும் அனுமதியையும் காட்டிச் சொல்லுங்கள்.

சுண்டிக்குளம் தேசியப் பூங்கா, அங்கே வலசைப் பறவைகள் இறங்கும் காலத்தில் படம் எடுக்க எல்லாருக்கும் ஆசை. வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி தனியே வேண்டும். மடுத் திருவிழா, வற்றாப்பளைப் பொங்கல் போன்ற சன நெரிசலுக்கு மேலே புதியவர் பறக்கவிடவே கூடாது.

வெள்ளமும் ஹெலியும்

2018 டிசம்பரில் இரணைமடு வான்கதவுகள் திறந்து கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வெள்ளத்தில் கிடந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அப்படியான நாளில் மேலேயிருந்து எடுத்த படத்துக்குப் பெரிய மதிப்பு உண்டு, பிரதேச செயலகமே கேட்கவும் கூடும். அவர்கள் கேட்டு, அனுமதியும் இருந்தால் மட்டும் போங்கள். மீட்புக்கு வரும் ஹெலி எந்தப் பக்கத்தால் வரும், எந்தக் கூரைக்கு மேலே நிற்கும் என்று உங்களுக்குத் தெரியாது. ஒரு ட்ரோன் வானத்தில் நிற்கிறது என்று தெரிந்தால் விமானி கிட்ட வரமாட்டார், கூரையில் நிற்கும் சனம் அங்கேயே நிற்கும்.

வெள்ளமில்லாத நாளிலும் ஹெலிச் சத்தம் காதில் விழுந்தவுடன் செய்ய வேண்டியது ஒன்றே. அது எங்கே என்று தேடாதீர்கள், படம் எடுத்து முடிக்கப் பார்க்காதீர்கள். ட்ரோனை நின்ற இடத்திலேயே நேரே கீழே கொண்டுவாருங்கள், முதலில் பனை உயரத்துக்குக் கீழே, பிறகு தரைக்கு. வயலுக்குள் என்றால் வயலுக்குள், சேற்றுக்குள் என்றால் சேற்றுக்குள். வீடு திரும்பும் பொத்தானை அழுத்தக் கூடாது, அது இறங்குவதற்குப் பதிலாக முதலில் மேலே ஏறும். இதை ஹெலி இல்லாத ஒரு காலையில், வெறும் வயலில், நண்பர் திடீரென்று "ஹெலி" என்று கத்த, ஐந்தாறு தரம் செய்து பழகுங்கள். ஐம்பது மீற்றரிலிருந்து தரைக்கு வர உங்கள் ட்ரோனுக்கு எத்தனை வினாடி என்று எண்ணி, பெட்டி மூடியின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள்.